முன்வரிசையில் காசிம் காக்கா

எண்பதுகளில் கல்முனையில் சலூன் வைத்திருந்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலையில்தான் எங்களுக்குக் கைகொள்ளாத வேலை. ஒரு வெள்ளி, சலூன்காரர்கள் மூன்று பேர் கடைகளைப் பூட்டிவிட்டு, வீடில்லாமல் தெருவில் கிடந்தவர்களுக்குச் காசு வாங்காமல் சும்மா முடிவெட்டப் போனோம்.

"விசரா ஒங்களுக்கு?" என்று வாடிக்கைக்காரர்கள் ஏசினார்கள். ஏசட்டும்.

முதலில் உட்கார்ந்தவர் காசிம் காக்கா. பள்ளிவாசல் படியில் படுப்பவர். தொழ உள்ளே போனால் ஊத்தை என்று, பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் விரட்டிவிடுவார்.

"தம்பி, இண்டைக்காவது வரிசையில நிண்டு தொழணும்."

"நிப்பீங்க காக்கா. தலைய ஆட்டாம இரிங்க."

சடையை வெட்டி, தாடியை ஒதுக்கி, கிணற்றடியில் குளிக்க வைத்து, என் சாரனையும் சேர்ட்டையும் உடுத்திவிட்டேன்.

பள்ளிக்குள் போனதும் அதே மரைக்கார் அவருடைய கையைப் பிடித்து முன்வரிசையில் இடம் கொடுத்தார்.

"வாங்க ஹாஜியார், எந்த ஊர் நீங்க?"

"ஒங்கட பள்ளிப் படிதான் மரைக்கார். நேத்தும் ஏசினீங்களே!"

காக்கா அசையவில்லை; அங்கேயே நின்று தொழுதார்.

சலூன்காரன் என்று எனக்குப் பெண் தர மறுத்த ஊர் இது. காக்காவுக்குப் பின்னால் நின்று, நான் ஒழுங்காக வெட்டிவிட்ட அந்தப் பிடரியைப் பார்த்தேன். அன்றிலிருந்து எவன் கேட்டாலும் என் தொழிலைச் சத்தமாகவே சொல்கிறேன்.