யசுஜியின் இரும்புப் பல்

ஜப்பானின் அமகசாகி நகரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற யசுஜிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வழுக்கை, முழங்கால் வலி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். பல்லைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை மதியம் கடைத்தெரு சுஷிக் கடையில் உட்கார்ந்து சோற்றுருண்டை மேல் ரப்பர் மாதிரி ஆக்டோபஸ் துண்டை வைத்துத் தரும் சுஷியை வெளுத்துக் கட்டுவார்.

பாவம் மனுஷன், விஷயம் அவருக்கே தெரியாது. அவர் ஒருநாள் அதைக் கடிக்க முடியாமல் திணறியதைப் பார்த்த கடை மாஸ்டர், அன்றிலிருந்து அவருடைய துண்டை மட்டும் அடிப்பக்கமாகக் கத்தியால் நெருக்க நெருக்கமாகக் கீறி, சுலபமாக மெல்லும்படி வைத்துவந்தார். அதைச் சாப்பிடுகிறவரிடம் சொல்லிக்காட்டுவது அந்தத் தொழிலில் மரியாதை இல்லை.

அன்று யசுஜியோடு ஃபுசாயே அம்மாளும் வந்திருந்தார். கணவரை இழந்தவர், சலவைக் கடை நடத்துகிறவர். வாராவாரம் இப்படிச் சேர்ந்து சாப்பிடலாமா என்று கேட்டுவிட வேண்டுமென்று யசுஜிக்கு ஒரே தவிப்பு. அந்தம்மாவோ உட்கார்ந்ததும் போட்டார் ஒரு போடு.

"எங்க வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கா கஞ்சி ஊட்டினேன். இன்னொரு கிழவருக்குப் பணிவிடை பண்ண என்னால ஆகாதுங்க, யசுஜி சார்."

"எனக்கென்ன கேடு? பல்லு ஒவ்வொண்ணும் இரும்பு! மாஸ்டர், ரெண்டு பேருக்கும் ஆக்டோபஸ் போடுங்க!"

யசுஜியின் தட்டுதான் முதலில் வந்தது. பெருந்தன்மையாக அதை அந்தம்மா பக்கம் நகர்த்தினார்.

"ஐயோ, அது உங்களோடதுங்க!" மாஸ்டர் பதறினார்.

"எல்லாம் ஒண்ணுதான் மாஸ்டர்!" அடுத்த தட்டை யசுஜி இழுத்துக்கொண்டார்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். சோறு எப்போதோ கரைந்துவிட்டது, ஆக்டோபஸ் அசையவில்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் முட்டியது. மாஸ்டர் குனிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃபுசாயே அம்மாள் கை துடைக்கும் காகிதம் ஒன்றை நீட்டினார். "துப்புங்க. தொண்டையில மாட்டிக்கப்போகுது."

துப்பினார். மானம் போயிற்று.

"தப்பு என்னோடதுங்க," என்றார் மாஸ்டர். "உங்களுக்கு எப்பவும் கீறித்தான் வைப்பேன். அது அவங்ககிட்ட போயிடுச்சு."

யசுஜிக்கு அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. "நான் சொன்னதெல்லாம் வெறும் வீராப்பு. நீங்க கெளம்பணும்னா கெளம்புங்க."

ஃபுசாயே அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நல்லவேளை தட்டை மாத்தினீங்க! அந்தக் கீறாத துண்டு எனக்கு வந்திருந்தா என் பல்செட்டு தட்டுலயே விழுந்திருக்கும். உங்க முன்னாடி எப்படி மெல்லப்போறேன்னு காலையிலேர்ந்து எனக்கு அதே கவலை. மாஸ்டர், அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேருக்கும் கீறியே போடுங்க!"