கோல் வாசலில் சாணி

பாக்கியலட்சுமியிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் காஜா பெராங் ஊரில் யாரும் இல்லை. மாட்டுக்காரி. நான்கு பசு. கறந்த பாலைப் போத்தலில் ஊற்றி வீடு வீடாகக் கொடுக்கிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. பசுவையே வாசலுக்கு ஓட்டிப்போய், பிள்ளை பெற்றவள் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் நீட்டுகிற சொம்பிலேயே கறந்துவிட்டு வருவாள். "தண்ணி கலந்தியான்னு ஒருத்தி என்னைக் கேட்டுடக் கூடாது, ஆமா" என்பாள். பத்தொன்பது வருஷமாக ஒருத்தியும் கேட்கவில்லை.

புருஷன் பிச்சை ஊர்ப் பந்துத் திடலுக்குக் காவல்காரர். புல் வெட்டுவார், சுண்ணாம்பில் கோடு போடுவார். கால்பந்து என்றால் மனிதருக்குப் பைத்தியம். ரேடியோவில் நம் அணி தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. "கட்டினவ செத்தாக்கூட இவ்வளவு அழ மாட்டீங்க" என்று அவள் இலையை மடித்துவிடுவாள்.

இப்படி இருக்கையில்தான் அறுபத்தைந்தாம் வருஷக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. அண்டை நாட்டுக்காரர்கள் எல்லாரும் கூடும் விளையாட்டுப் பெருவிழாவை நம் நாடு நடத்தப்போகிறது. தலைநகரில்தான் விழா, அதற்கு முன்னால் வெளிநாட்டு அணி இரண்டு நம் திடலில் ஒரு பழக்க ஆட்டம் ஆடும். அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. முடிதிருத்தும் ஜெயபாலன், "மெர்டேக்கா வாங்கி, சொதந்திரம் வந்து எட்டு வருஷம்தான் ஆவுது, ஒலகமே நம்ம வாசலுக்கு வருது பாத்தியா!" என்று கத்தியைக் காற்றில் வீசிப் பேசினார். பக்கத்து வீட்டு ருக்மணிக்கோ எரிச்சல். "சிங்கப்பூர் பிரிஞ்சு நாலு மாசம் ஆவல. எல்லையில நம்ம பிள்ளைங்க துப்பாக்கியோட நிக்கிறாங்க. வீட்டு முன்னால லோங்காங்ல சாக்கடைத் தண்ணி நாறுது. இப்பப் பந்து ஒண்ணுதான் கொறச்சல்!" என்றாள். சொன்ன வாயோடு போய், ஆட்டம் பார்க்க முதல் ஆளாகச் சீட்டும் வாங்கி வந்தாள். இந்த ஊர்ச் சனங்களை என்னவென்று சொல்ல!

பாக்கியலட்சுமிக்கு எந்தப் பக்கமும் இல்லை. நோட்டீஸ் வரும் வரைக்கும். வரவேற்புக் குழு ஒட்டியிருந்த நோட்டீஸ் அது: விருந்தினர் வரும் பாதையில் கால்நடை கண்ணில் படக்கூடாது, சனிக்கிழமைக்குள் மாடுகளைச் செங்கு கிராமத்துக்கு அப்பால் கொண்டுபோய்விட வேண்டும்.

"போயிட்டுப் போவட்டுமே லெட்சுமி. செங்குல நல்ல புல்லு" என்றார் பிச்சை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"புல்லு இருக்கு. பால் குடிக்கிற பிள்ளைங்க இங்கல்ல இருக்கு? தெனமும் அங்கேருந்து ஓட்டியாந்தா மாட்டு மடியில பால் நிக்குமா? ஒங்க பந்துக்காக என் பொழப்புல மண்ணா?"

அவள் மறுநாளே குழுவின் செயலாளர் கலியாணசுந்தரத்தைப் பார்க்கப் போனாள். மூன்று முறை போனாள். மூன்று முறையும், "நாட்டு மானம்மா, புரிஞ்சிக்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை மாட்டைத் தேடித் திடல் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாரம் அடித்த மழையில் இரண்டு கோல் முன்னாலும் புல் அழிந்து சேறு. பிச்சை கொட்டின மணலையும் சேறு விழுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மனிதர் கோல் கம்பத்தில் சாய்ந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு ஊர் மேல் கோபம். குழு மேல் கோபம். புருஷன் மேல் சொல்லி மாளாத கோபம். ஆனால் விருந்தாளி வருகிற வாசல் அப்படிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அவளால் நகர முடியவில்லை. "இது ஒரு வாசலா? தூ!" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். புற்று மண்ணும் ஒரு கூடைச் சாணியும் கொண்டுவந்தாள். தண்ணீரை இறைத்து, மண்ணைக் கொட்டி மிதித்து, மேலே சாணியைக் கரைத்து, தன் வீட்டு முற்றத்தை எப்படி மெழுகுவாளோ அப்படியே ஒரு கோல் வாசலை மெழுகி முடித்தாள். பந்து ஆடுகிற இடத்தில் சாணி போடலாமா என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நல்ல நாளில் வாசலுக்கு வேறு என்னத்தைப் போடுவார்கள்?

வெள்ளி மத்தியானம் கலியாணசுந்தரம் வந்து பார்த்தார். மூக்கைப் பிடித்தார்.

"அலாமாக்! சாணியா? வெளிநாட்டுக்காரன் விழுந்து பொரள்ற எடத்துல சாணியா? யாரு செஞ்ச வேலை இது? பிச்சை, உன் வேலை போச்சு!"

பிச்சை தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் பாக்கியலட்சுமி. "மிதிச்சுப் பாருங்க. அப்புறம் ஏசுங்க."

அவர் பூட்ஸ் நுனியால் தொட்டார். பிறகு மிதித்தார். குதித்தே பார்த்தார். காய்ந்து கெட்டியாக இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே இன்னும் குளம். குரல் தானாக இறங்கியது. "அந்தப் பக்கமும் போட்டுடுவியாம்மா?"

"போடலாம். ஆட்டத்தன்னிக்குக் காலையில ரெண்டு பக்கமும் இன்னொரு தரம் மெழுகணும், புதுச் சாணியில. மாடுதான் நாளைக்குச் செங்குக்குப் போவுதே!"

கலியாணசுந்தரம் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "மாடு இங்கயே இருக்கலாம்னு எழுதிக் குடுங்க சார். முத்திரையோட."

ஒரு மணி நேரத்தில் கடிதம் வந்தது. மலாயில் டைப் அடித்து, கீழே முத்திரை குத்தியிருந்தது. பாக்கியலட்சுமிக்கு எழுத்து தெரியாது. வாங்கிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

பிச்சை மெல்லப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார். செயலாளர் அவரையே பார்த்தார். எதிர்க் கோலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வெளிநாட்டு அணி தன் திடலில் ஆடுவதைப் பார்க்க ஆயுசு முழுக்கக் காத்திருந்த மனிதர். அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டால் போதும், அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"'ஆட்டம் முடியும் நாள்வரை மட்டும்'னு போட்டிருக்கு லெட்சுமி" என்றார்.

அவள் கடிதத்தை வாங்கிச் செயலாளர் கையில் திருப்பி வைத்தாள்.

"ஏன் பிச்சை, ஆட்டம் நடக்க வேணாமா உனக்கு?"

"வேணும் சார். உசுரு போற மாதிரி வேணும். அதுக்காக, எழுத்து தெரியாதவகிட்ட நான் பொய் படிக்க முடியாது லா."

கலியாணசுந்தரம் வானத்தைப் பார்த்தார். மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிச்சை முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்துக் காட்டினார்.

பாக்கியலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர்க் கோல் சேற்றில் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை. குனிந்து தண்ணீரை இறைத்தபடியே, புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம எனக்கும் ஒரு எடம் புடிச்சு வைங்க. ஒங்க பக்கத்துல."