குவாரி மேட்டுக் கச்சேரி

வேணி மைக்கைப் பிடித்தது பதினெட்டு வயசில். ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்த வீட்டுப் பெண், ஒரு மெல்லிசைக் குழுவோடு வேனில் ஏறி ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போனாள். பாடத் தெரியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசுவதுதான் வேலை. வசூல் தட்டு சுற்றும்போதும், ஜெனரேட்டர் நின்று போகும்போதும், குடித்தவன் ஒருத்தன் மேடையேறி ஆடும்போதும் கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்து வைக்கிற குரல் அவளுக்கு. சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. அதே குழுவில் கீபோர்டு வாசித்த தமிழரசனைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

குழு கலைந்ததும் புருஷனும் பெண்டாட்டியுமாக மேடை, லைட், சவுண்டு என்று தொழில் போட்டார்கள். கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் எல்லாம் வந்தது. ஆனால் அவள் மனசில் இருந்தது வேறு. சனிக்கிழமையானால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக நிற்பார்கள். திருச்சியிலோ சென்னையிலோ ஏதாவது பெரிய கச்சேரி இருக்கும். பஸ்சில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவார்கள். 'நம்ம ஊருக்கு ஏன் ஒருத்தனும் வர்றதில்ல?' என்று அவள் தமிழரசனிடம் கேட்காத நாளில்லை.

சென்னையில் இருந்துகொண்டு ஊர் ஊராகக் கச்சேரி நடத்துகிற கம்பெனி ஒன்றுக்கு விடாமல் நடந்தாள். அங்கே மேனேஜராக இருந்த இளவரசன் முதல் தடவை சிரித்தான்.

"பெரம்பலூரா? டோல்கேட் தாண்டி டீக்கு நிறுத்துவோமே, அந்த ஊரா மேடம்?"

"அந்த ஊருதான் சார். டீ குடிக்கிறப்ப சுத்திப் பாருங்க. எத்தன காலேஜ் இருக்கு, எத்தன பிள்ளைங்க இருக்குன்னு தெரியும்."

மூன்று வருஷம் அப்படியே போனது. பிறகு ஒரு ஐப்பசியில் அவனே கூப்பிட்டான். நாடே கொண்டாடுகிற பாடகர் ஒருத்தர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். வேறொரு ஊரில் மைதானம் கிடைக்காமல் ஒரு தேதி காலியாகிவிட்டது. "மூணு வாரத்துல முடிப்பீங்களா?"

வேணி யோசிக்கவே இல்லை. "முடிக்கிறோம் சார்" என்றாள். பக்கத்தில் நின்ற தமிழரசன்தான் அவள் முகத்தைப் பார்த்து, "என்னடி, அழுவுற?" என்றான்.

இடம்தான் கிடைக்கவில்லை. கடைசியில் அரியலூர் ரோட்டில் தங்கராசு என்கிற விவசாயியின் மக்காச்சோளக் காடு கிடைத்தது. அறுவடை முடிந்து வெறும் தரையாகக் கிடந்தது. ரோட்டை ஒட்டிய அகலமான நிலம். எல்லாம் சரி, பின்பக்கம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. காடு முடிகிற இடத்தில் ஒரு மண்மேடு நீளமாகக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரி. செங்குத்தாக இறங்கிய பள்ளத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"இது எவ்வளவு ஆழம்ண்ணே?"

"யாரு எறங்கிப் பாத்தா?" என்றார் தங்கராசு. "தோண்டுன மண்ணத்தான் இப்பிடி மேடாக் கொட்டி வச்சுட்டுப் போயிட்டானுவ. ஆடு மேய்க்கிறவங்ககூட மேட்டு மேல ஏற மாட்டாங்கம்மா. ஈரம் பட்டா பொலபொலன்னு சரியும்."

மைதானத்தின் பின்பக்கம் முழுக்கத் தகரம் அடித்து மறைத்தாள். இருந்தாலும் மனசு ஆறவில்லை. தமிழரசனை விட்டு மேட்டைப் பார்த்து நாலு ஃபோக்கஸ் லைட் கட்டச் சொன்னாள். வெளிச்சம் இருந்தால் யாராவது ஏறினாலும் துரத்தலாம்.

கச்சேரிக்கு முந்தின இரண்டு நாளும் மழை பெய்தது. அன்றைக்குக் காலையில் வெறித்துவிட்டது. வெயில்கூட அடித்தது. ஆனால் தரையிலிருந்து ஒரு புழுக்கம் எழுந்து, நிற்கிறவர்கள் மூச்சை அழுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானத்திலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. ஜெயங்கொண்டம், துறையூர், விருத்தாசலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக, வாங்காதவர்கள் ரோட்டிலேயே நின்றார்கள். வேணி அவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் வரைக்கும்தான்.

ஐந்து மணிக்கு மேல் ரோட்டில் நின்ற கூட்டம் குறைந்தது. எங்கே போனார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மேடையில் ஏறிப் பார்த்தாள். மைதானம் நிறைந்து வழிந்தது. அதற்கும் பின்னால், தகரத்துக்கு மேலே, மண்மேட்டின் முதுகு முழுக்க மனிதத் தலைகள். வடக்குப் பக்கம் இருந்த வண்டிப்பாதை வழியாக மேலேறியிருக்கிறார்கள். தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்கள்கூட இருந்தார்கள். மேலும் ஆட்கள் ஏற ஏற, முன்னால் நின்றவர்கள் இடம் விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பின்னால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

ஆட்களை அனுப்பினாள். அவர்கள் திரும்பி வந்து, "கேக்க மாட்டேங்கறாங்கக்கா. இந்த எடம் என்ன ஒங்கப்பன் வூட்டுதாங்கறாங்க" என்றார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீசார் ரோட்டு நெரிசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லியனுப்பியது அங்கே போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை.

"லைட்டப் போடுங்க. மேட்டு லைட்டப் போடுங்க" என்று தமிழரசனிடம் கத்தினாள்.

அவன் முகம் செத்துப்போயிருந்தது. "கழட்டிட்டாங்க வேணி. பின்னாடி வெளிச்சம் இருந்தா கேமராவுல எடுபடாதாம். கம்பெனி ஆளுங்க மத்தியானமே எறக்கிட்டாங்க."

இளவரசன் மேடைக்குப் பின்னால் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டிருந்தான். பாடகரின் வண்டி பக்கத்திலிருக்கும் சிறுவாச்சூரைத் தாண்டிவிட்டது. வேணி அவன் கையைப் பிடித்தாள்.

"சார், மேட்ட காலி பண்ணிட்டு ஆரம்பிப்போம். அந்தப் பக்கம் குவாரி."

"டிக்கெட் இல்லாம நிக்கிறவங்களுக்கு நான் என்ன மேடம் பண்றது? அவர் வந்ததும் மொத்த லைட்டும் ஆஃப். ஒரு நிமிஷம் இருட்டு. அப்புறம் வெடி, அப்புறம் அவர். ஷோவோட உயிரே அந்த ஒரு நிமிஷம்தான். எல்லா ஊர்லயும் இப்படித்தான் பண்றோம்."

"மத்த ஊர்ல பின்னாடி பள்ளம் இருந்துச்சா சார்?"

அவன் காதில் மாட்டியிருந்ததை அழுத்திக்கொண்டு நகர்ந்தான்.

பொழுது மங்கிக்கொண்டு வந்தது. வேணி அந்த ஒரு நிமிஷத்தைக் கண்ணை மூடாமலே பார்த்தாள். எல்லாம் அணையும். கூட்டம் கத்தும். வெடி வெடிக்கும்போது எல்லாரும் குதிப்பார்கள், மேட்டிலும் குதிப்பார்கள். இரண்டு நாள் மழை குடித்த மண். யாராவது வழுக்கினாலும் சத்தம் கேட்காது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

மேடைக்கு ஏறி, சவுண்டு பார்ப்பதற்காக வைத்திருந்த மைக்கை எடுத்தாள்.

முதலில் கெஞ்சினாள். "மேட்டுல நிக்கிற அண்ணன் தம்பிங்க எல்லாம் தயவுசெஞ்சு எறங்குங்க. பின்னாடி பெரிய பள்ளம் இருக்கு." மேட்டிலிருந்து விசில் வந்தது. கையை ஆட்டிக் காட்டினார்கள். ஒருத்தரும் அசையவில்லை. பாடகர் வருகிறவரை அசையவும் மாட்டார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கூட்டத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்தவளுக்கு, கூட்டம் எதற்காக நிற்கிறதென்றும் தெரியும்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. "இன்னிக்கி கச்சேரி கெடையாது. அவரு வரல. பாதி வழியில ஒடம்பு முடியாமத் திரும்பிட்டாரு. மேட்டுல நிக்கிறவங்க மொதல்ல எறங்குங்க. வண்டிப்பாதை வழியா மெதுவாப் போங்க. உள்ள இருக்கிறவங்க அப்பிடியே ஒக்காந்திருங்க."

மேட்டின் ஓரத்தில் தலைகள் குறைய ஆரம்பித்தன. காசு கொடுக்காதவர்களுக்குக் காத்திருக்கக் காரணம் இல்லை. வண்டிப்பாதையில் எறும்புச்சாரை மாதிரி இறங்கினார்கள். இளவரசன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான். "பொய் சொல்றாங்க, அவர் வந்துட்டிருக்காரு" என்று அவன் கத்தியது வெளியே போகவில்லை. தமிழரசன் சவுண்டு ஒயரைப் பிடுங்கியிருந்தான்.

உள்ளே இருந்தவர்கள் சும்மா விடவில்லை. நாற்காலிகள் பறந்தன. தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து அவள் நெற்றியில் பட்டு ரத்தம் வழிந்தது. ரோட்டில் நெருங்கிக்கொண்டிருந்த பாடகரின் வண்டி கலவரச் செய்தி கேட்டுத் திரும்பிப் போய்விட்டது. அது திரும்பியதை நிறைய பேர் போனில் படமெடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதை யார் நம்புவார்கள்? வந்த மனிதரை விரட்டிவிட்டவள் என்று பெயர் ஆனது. ஒருத்தரும் விழவில்லையே, அப்புறம் என்ன ஆபத்து என்று கேட்டார்கள். கல்லூரிகள் வேறு ஆளைக் கூப்பிட்டன. கோயில் கமிட்டிக்காரர் ஒருத்தர் முகத்துக்கு நேராகவே, "நல்ல காரியம்மா, வேற ஆளு பாத்துக்கறோம்" என்றார். மேடைச் சாமான்களைத் துடைத்து அடுக்கும்போது தமிழரசன் மட்டும், "நீ பாத்தது எனக்குத் தெரியும்" என்றான்.

கச்சேரி கலைந்த நாலாம் நாள் தங்கராசு கூப்பிட்டார் என்று போனாள். மேட்டின் மேல், பள்ளத்து ஓரமாக, நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கால் உள்ளே போகும்.

"இது முன்னாடியே இருந்துச்சாண்ணே?"

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நான்தான் மேல ஏறுறதே இல்லியேம்மா. இருந்திருக்கும். இல்ல, அன்னிக்கி வுட்டிருக்கும். எப்பிடிச் சொல்றது?"

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது. தூங்கும்போது சில நாள் மேடு சரியும், சில நாள் பாடகர் பாடி முடித்துவிட்டு எல்லாரும் சிரித்தபடி வீட்டுக்குப் போவார்கள். இரண்டாவது கனவில்தான் அவள் அதிகமாக வியர்த்து எழுவாள்.

தை பிறந்து பத்துநாள்கூட இருக்காது, பெரம்பலூர் பாலக்கரையில் ஒரு சுவரில் போஸ்டரைப் பார்த்தாள். அதே பாடகர். அதே கம்பெனி. உள்ளூர் ஏற்பாடு பூவரசன் என்கிற புதுப்பையன். இடம், தங்கராசுவின் காடு. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தங்கராசுவுக்குப் போன் போட்டாள்.

"கேட்டாங்க, குடுத்துட்டேன். இந்தவாட்டி நல்லா உசரமாத் தகரம் அடிக்கிறாங்களாம்மா" என்றார் அவர்.

"லைட்டு?"

"அத நான் கேக்கல."

பூவரசனைத் தேடிப் போனாள். மரியாதையாகத்தான் பேசினான். "நாங்க பாத்துக்கறோம்க்கா" என்றான். இளவரசன் அவள் நம்பரை எடுக்கவே இல்லை. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கச்சேரி நாள் மத்தியானம் சாப்பாட்டின் பாதியில் கை கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க?" என்றான் தமிழரசன்.

"மேட்டுக்கு. ஏற வர்றவங்கள கீழயே நிறுத்திச் சொல்லுவேன்."

"மைக்கு?"

"என் தொண்ட இருக்குல்ல."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான். அரியலூர் ரோட்டில் திரும்பும்போதே முன்னால் பஸ்களும் வேன்களும் வரிசையாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வடக்குப் பக்க வண்டிப்பாதையில் அதற்குள்ளாகவே புதுக் காலடிகள் தெரிந்தன, மேல்நோக்கி.