ஸ்டேட்டஸில் வைத்த அழுகை

என் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். பெரியவளுக்கு நடந்தது தெரியும். சின்னவளே, உனக்கும் தெரியும். ஆனால் நான் வாய் திறந்து இதைப் பற்றி உன்னிடம் பேசியதில்லை. பத்தாவதோடு நின்றவன் நான், கோவையாக எழுத வராது. எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்தட்டும். நான் செய்ததை மட்டும் நல்லதாகத் திருத்திவிட வேண்டாம்.

சின்னவளே, நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. அம்மா பஜாரில் ஜவுளிக் கடையில் வேலைக்கு நின்றாள், வீடு வர எட்டு மணி ஆகும். அதனால் பள்ளிக்கூட வேன் உன்னை, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் நம் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். இறங்கும்போது நல்லபடியாகத்தான் இறங்குவாய். வேன் நகர்ந்ததும் ஆரம்பிக்கும். பை ஒரு பக்கம் பறக்கும். ஷூ சாக்கடையில் விழும். பிஸ்கட் கொடுத்தால் வேண்டாம் என்பாய், எடுத்து வைத்தால் ஏன் எடுத்தாய் என்று கத்துவாய். ஒரு நாள் என் கையைக் கடித்தும்விட்டாய்.

கடையில் மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள், பயிர் காய்கிற கவலையில் உட்கார்ந்திருப்பார்கள். கம்பி சுற்றும்போது கணக்கு விட்டுப்போனால் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும். உன் சத்தத்தில் எனக்குக் கணக்கு விட்டுப்போகும். மிரட்டிப் பார்த்தேன். அடித்தும் பார்த்தேன். அடித்தால் சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. வகுப்பில் நாள் முழுக்கக் கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார்ந்துவிட்டு வரும் குழந்தை, அப்பனைப் பார்த்த பிறகுதான் கட்டை அவிழ்க்கிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு நாள் அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், நீ தலைமுடி அவிழ்ந்து, செம்புக் கம்பித் துண்டுகளுக்கு நடுவில் நின்று குதித்து அழுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, உன் பொண்ணுக்கு சாமி வந்துடுச்சா? கற்பூரம் கொளுத்துப்பா, தானா மலையேறிடும்" என்றார்.

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. போனை எடுத்தேன்.

"எடுக்காத நைனா" என்றாய். எடுத்தேன்.

அதோடு விட்டேனா? அந்த வீடியோவுக்குப் பம்பை, உடுக்கைச் சத்தம் சேர்த்து, 'எங்கள் கடை ஆத்தா' என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தேன். வாடிக்கைக்காரர்கள், சொந்தக்காரர்கள், வேன் டிரைவர் எல்லோரும் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினார்கள். உங்கள் மாமா அதைக் கேட்டு வாங்கி உறவுக்காரர் குரூப்பில் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவள் மட்டும், "நைனா, அத்த எடுத்துடு நைனா, பாவம் அது" என்றாள்.

"போடி, சும்மா தமாசு" என்றேன்.

அடுத்த வாரமே நீ அடங்கிவிட்டாய். வேனிலிருந்து இறங்குவாய், ஷூவைக் கழற்றிச் சேர்த்து வைப்பாய், வார்னிஷ் டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். கொடுத்ததைத் தின்பாய். நான் அம்மாவிடம், "பாத்தியா, எத்தினி நாளு கத்திக்கினு இருந்தோம். ஒரே வீடியோ, அடங்கிட்டா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். நான் கடைக்கு வெளியே நின்று ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு பையன், "ஆத்தா எறங்குறா, வழி விடுங்கடா!" என்று கத்தினான். "ஆத்தா, நாளைக்கு லீவு வுடுவாங்களா? குறி சொல்லு ஆத்தா!" என்று இன்னொன்று. வேன் முழுக்க வாயாலேயே பம்பை அடித்தது.

நீ தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வந்தாய். வாசல் கல்லில் தடுக்கி விழுந்தாய். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. நீ முட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாய். அதில் போன் இருந்தது.

"நான் அழல நைனா. எடுக்காத."

உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு சொன்னாய். "இல்லடி கண்ணு, பேசிக்கினு இருந்தேன்" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தூக்க வந்தேன். அதற்குள் நீயே எழுந்து உள்ளே போய், குடத்துத் தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டாய்.

அன்று பெரியவளிடம் கேட்டேன். "தெனமும்தான் அப்டி கூப்புடுறானுங்களாம். ராத்திரி படுக்க சொல்ல எங்கிட்ட சொல்லிச்சு. நைனா கிட்ட சொல்லலாம் வான்னேன். 'நைனாதான போட்டுச்சு'ன்னு சொல்லிட்டு அது தூங்கிடுச்சு" என்றாள்.

மறுநாள் வேன் டிரைவரிடம் சொன்னேன். அவரும் அதட்டினார். வேனில் சத்தம் குறைந்தது. ஆனால் வீடியோ யார் யார் போனிலோ இருக்கிறது, அதை நான் போய்ப் பொறுக்கி எடுக்க முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று. இனிமேல் உனக்கு எங்கே வலித்தாலும், யார் என்ன செய்தாலும், என்னிடம் வராமல் நீயே கழுவிக்கொண்டு போய்விடுவாயோ என்று. இதை எழுதும் இன்றுவரை நீ என் முன்னால் அழவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிரைவரிடம் பேசிவிட்டு வந்து கடைக்குள் தனியாக உட்கார்ந்தேன். பம்பைச் சத்தம் சேர்க்காத முதல் வீடியோ என் போனில் அப்படியே கிடந்தது. எடுத்த பிறகு ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. போட்டேன். எல்லோருடைய சிரிப்பும் கேட்டது, என் சிரிப்புதான் பக்கத்தில், பெரிதாக. அதற்கு அடியில் உன் குரல். "தூக்கு நைனா. தூக்கு."

அதை அழிக்கப் போனேன். அழிக்கட்டுமா என்று போன் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தி, இன்னொரு முறை கடைசிவரை கேட்டேன். அப்புறம் அழித்தேன்.