எங்கள் அழுக்குமூட்டை

காதில் செருகிய பென்சிலை உருவி, சட்டையின் இடது கைமேல் "முழங்காலுக்குக் கீழ, உள்பக்கம், உரசல்" என்று எழுதிக்கொள்கிறார். மேசையில் நோட்டு இல்லாமல் இல்லை. அதை எடுக்க நான்கு அரைகுறைக் கால்களையும் ஒரு டிபன் டப்பாவையும் நகர்த்த வேண்டும். தலையெல்லாம் மாவுக்கட்டுத் தூள். பித்தான் மாறிப் போட்டதில் சட்டை கோணிக்கொண்டு நிற்கிறது.

செயற்கைக்கால் செய்யும் எங்கள் பட்டறையில் இவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அழுக்குமூட்டை என்றால் உடனே உள்ளே கை காட்டுவார்கள். சொல் ஒன்றுதான், ஆளுக்கொரு ருசி. பார்வையாளர்கள் வரும் நாளில் மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். சாப்பாடு கொண்டுவரும் இவர் மனைவி, தலைத்தூளைத் தட்டிவிட்டபடியே, "அழுக்குமூட்ட, கையையாவது கழுவுங்க" என்பார். அதில் கொஞ்சல்தான் அதிகம். வரவேற்பு மேசைக்காரனான நானோ சோம்பேறி என்கிற அர்த்தத்தில் சொல்லித் திரிந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்தார். மாப்பிள்ளை மாதிரி இருப்பதாகக் கிண்டலடித்தோம். அவர் சிரிக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் மனைவி பழைய சட்டையை ஊறப்போட்டுத் துவைத்துவிட்டாராம். பஸ் கண்டக்டர் அம்மா ஒருவரை ஒரு வாரமாக நடக்கவைத்து, புதுக்கால் எங்கெங்கே வலிக்கிறது என்று குறித்ததெல்லாம் அதில்தான் இருந்தது. மறுநாள் அந்த அம்மா எதையும் பிடிக்காமல் பஸ் படி ஏறி அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை போய்விடும்.

அன்று பட்டறைக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடதும்மா. இன்னொரு தடவ நடங்க."

நடந்தார். இவரோ அத்தனை தூளிலும் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் பதித்து, அரைமணி நேரம் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொடாமலே விரலால் காட்டினார்.

"இங்க குத்துது. இங்க எரியுது. இந்த எடம் வலிக்கிறத நீங்க என்கிட்ட சொல்லவே இல்ல."

அந்த அம்மா தலைகுனிந்து ஆமாம் என்றார். அடேயப்பா, அடுத்தவர் வலியைப் பார்த்தே சொல்கிற மனுஷனை நாம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம்!

புதுக்காலை அரத்தால் ராவி ராவிச் சாயங்காலமாயிற்று. பட்டறையின் மூன்று மரப்படிகளிலும் கண்டக்டர் அம்மா கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறினார். மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். எங்கள் அழுக்குமூட்டை படியருகே போய்க் குனிந்து, சட்டை நுனியைத் திருப்பி, அழுக்குப் படாத உள்பக்கத்தால் அந்தப் புதுப் பாதத்தின் தூசியைத் துடைத்தார்.