மாரடைப்பு என்றதும் சிரித்தேன்

மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், செம்பனை நாற்றுப் பண்ணையில் நான் வேலை செய்துகொண்டிருந்த சமயம். மகள் பிரசவத்துக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை, தெளிப்பான் சாரலில் வெயில் பட்டுக் கன்றுகளெல்லாம் மிதப்பதுபோல் தெரிந்தன. என்ன அழகு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு கனத்தது, வியர்த்துக் கொட்டியது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தன் காரிலேயே என்னையும் மகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மரங்கள் மெதுவாக நீந்திப்போயின.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாராவது தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். என் அப்பா அப்படித்தான் போனார், தோட்டமே அவரைப் புண்ணியவான் என்றது என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் முகம் மாறியது. இதயத் துடிப்பில் பரம்பரையாக வரும் ஒரு கோளாறு உண்டு, கோடுகள் அதுபோலத்தான் இருக்கின்றன, அப்படியானால் மகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும்கூட இருக்கலாம் என்றார். ஆனாலும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும் என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஊசி மருந்தில் கட்டிலே மிதந்தது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. குந்துமணி தங்கம்கூட விட்டுப்போகாத வம்சம். கொடுப்பதற்கு எங்களுக்கு இதுதானா கிடைத்தது என்று அழுதேன்.

பிறகு அந்த டாக்டர் வந்து என் கையைப் பிடித்தார்.

“ஆன்ட்டி, ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சு, திறந்தாச்சு. இது ஹார்ட் அட்டாக்தான். அதுதான் கோடுகளை அப்படிக் காட்டுச்சு. இப்ப எடுத்த ஈசிஜில அந்தக் கோடுங்க இல்ல லா, பரம்பரைக் கோளாறு இல்ல.”

“அப்ப எனக்கு மட்டும்தானே டாக்டர்?”

“உங்களுக்கு மட்டும்தான் ஆன்ட்டி.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற மகள், மருந்து அம்மாவின் மண்டைக்கு ஏறிவிட்டது என்று பயந்துவிட்டாள். மாரடைப்புக்குச் சிரித்தவள் என்று தோட்டத்தில் இன்னும் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

அப்பாவுக்கு என்ன வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மகளுக்கும் ஒரு முறை பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இப்போது பேத்தி மதியத்தில் அசந்து தூங்கும்போது, மூச்சு வருகிறதா என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு குழந்தையைப் பயமில்லாமல் தூங்கவிடுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று என் நெஞ்சுவலிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.