திறப்பு விழாவன்று உள்ளே மாட்டிக்கொண்டேன்

ஆரையம்பதியில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ்நாட்டுத் தொண்டு அமைப்பொன்றும் எங்கள் ஊர்ச் சங்கமும் சேர்ந்து பிள்ளைகளுக்கு மலசலகூடம் கட்டித் தந்தன. திறப்பு விழாவன்று, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க உள்ளே போனேன். பக்கத்து வாவியிலிருந்து வீசிய காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. உட்பக்கக் கைப்பிடி சுழன்றதே தவிர, பூட்டு திறக்கவில்லை.

தட்டினேன், கத்தினேன். வெளியே ஒலிபெருக்கி என் சத்தத்தை விழுங்கிவிட்டது. தகரக் கூரை கொதித்தது. யன்னலும் இல்லை. மூச்சு முட்டியது. அந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டு விருந்தினர் பேசியது தெளிவாகக் கேட்டது.

"இதே மாதிரி இன்னும் பல ஊர்கள்ல கட்டித் தரப் போறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

நன்றியுரைக்கு என்னைத் தேடி வந்த உதவி ஆசிரியைதான் கதவைத் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். சங்கத் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தந்தவங்களிட்ட குறை சொல்றதா, டீச்சர்?"

"உள்ளுக்கு நிண்டது நான். நாளைக்கு நாலு வயசுப் பிள்ளை நிக்கும்."

விருந்தினரிடம் நேரே போய்ச் சொன்னேன். பூட்டை மாற்றினார்கள், யன்னலும் வைத்தார்கள். இப்போது வேறு ஊர்களில் கட்டினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ரிப்பன் வெட்டுமுன் கட்டித் தந்தவர்களையே உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துகிறேன். தட்டினால் திறக்க வெளியே நிற்பேன். ஆனால் உடனே திறப்பதில்லை.